அடிச்சட்டம் மாறினால் வண்டி மாறுமா?

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், எந்த உறுப்பை மாற்றும்போது அப்பொருள் தன் பெயரை இழக்கிறது? தத்துவ நூல்களில் மிகப் பழமையான வினாக்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் இது ஏட்டில் மட்டும் வாழும் வினாவன்று. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கும், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கும் செல்லும் சாலைகளின் இருமருங்கும் உள்ள பட்டறைகளில், பழைய கார் ஒன்று ஜாக்கியின் மேல் ஏறும் வேளையெல்லாம் இவ்வினாவும் உடன் எழுகிறது. கண்ணாடியை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். எவரும் ஐயுறுவதில்லை. ஆனால் அடிச்சட்டத்தில், பட்டறை வழக்கில் சொன்னால் சேசிஸில், ஒரு பகுதியை அறுத்தெடுத்துப் புதிது வைக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லும்போது உரிமையாளரின் முகம் வாடுகிறது. "அப்படிச் செய்தால் இது எங்கள் அத்தா ஓட்டிய வண்டியாகவே இருக்குமா, பாய்?" என்று அவர் கேட்கிறார்.

கேட்பவருக்குக் கேள்வி ஒன்றாகத் தோன்றினும், அதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. மாற்றியபின் இது அதே வண்டியா என்பது ஒன்று. மாற்றாமல் விட்டால் அதில் ஏறிச் செல்லும் உயிர்களுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. மாற்றியதை நாளை இவ்வண்டியை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா என்பது மூன்றாவது. முதற்கேள்வி அறிவைப் பற்றியது. இரண்டாவது உயிரைப் பற்றியது. மூன்றாவது நாணயத்தைப் பற்றியது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதாலேயே நம்மில் பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்குவோம்.

இரும்பின் நோய்

முதலில் நோயின் தன்மையை அறிந்துகொள்ளல் நன்று. சென்னைக்கு உரிய பழைய கார் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், ஸ்டாண்டர்டு ஹெரால்டையே சுட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் வண்டியைத் தழுவி, ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இதனை உருவாக்கியது. அதன் நான்கு கதவு வடிவம் 1968-இல் நம் நாட்டிலேயே பிறந்தது. பிறந்த நாடான இங்கிலாந்தில்கூட அவ்வடிவம் இல்லை. அக்காலத்தில் வந்த பல கார்கள் தனி அடிச்சட்டம் இல்லாமல், கூடே சட்டமாக அமைந்தவை. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரும் அவ்வகையே. ஹெரால்டோ பழைய முறைப்படி தனி அடிச்சட்டத்தின்மேல் கூட்டைப் பூட்டிய வண்டி. இரண்டு நெடுஞ்சட்டங்கள் வண்டியின் நடுவே நெருங்கி ஓடும். அவற்றினின்று இருபுறமும் கைகளைப்போல் நீளும் தாங்குசட்டங்கள் கூட்டின் ஓரங்களைச் சுமக்கும். கூடும் தனித்தனிப் பகுதிகளாக மரையாணிகளால் முடுக்கப்பட்டது.

அக்கைகள்தாம் முதலில் நோய்ப்படும். அவை உள்ளே குடைவான பெட்டிபோல் அமைந்தவை. சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் அக்குடைவினுள் புகுந்து தங்கிவிடும். வெளிப்புறத்துக்கு வண்ணம் உண்டு. உட்புறத்தைப் பார்ப்பார் இல்லை. கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த பெருவெள்ளங்களை இம்மேற்குப் புறநகரங்கள் மறக்கமாட்டா. நாட்கணக்கில் நீரில் நின்ற வண்டிகளை மேலே துடைத்துக் காயவைத்தவர்கள், உள்ளே தேங்கிய ஈரத்தைக் காணவில்லை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்ளும் பொருள். எனவே அது தகட்டைப் புடைக்கச் செய்து, அடுக்கடுக்காகப் பிளந்து, ஒருநாள் உதிர்த்துவிடும். அனுபவமுள்ள மேஸ்திரி சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தே நோயை அறிவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். செத்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும்.

இவ்விடத்தில் இருவழிகள் பிரிகின்றன. ஒரு வழி, துருவின்மேல் ஒரு தகட்டை ஒட்டி, இடைவெளிகளில் பட்டி பூசி, கறுப்பு வண்ணம் அடித்துவிடுவது. ஒரு பகலில் முடியும், செலவும் குறைவு, பார்ப்பவர் கண்ணுக்குப் புதிதுபோல் இருக்கும். மற்றொரு வழி நெடியது. முதலில் சட்டத்தைச் சமதளத்தில் பல இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். முட்டின்றி அறுத்தால் சட்டம் தொய்ந்துவிடும். பின் எவ்வளவு நன்றாகப் பற்றவைத்தாலும் கதவு சரியாக மூடாது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரு அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்திராவிடில் சட்டம் கோணியிருக்கிறது என்பது பொருள். நோயுற்ற பகுதியை நல்ல இரும்பு தென்படும் வரை அறுத்து நீக்க வேண்டும். அதே கனமுள்ள தகட்டில் அதே வடிவில் புதிய பாகத்தைச் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டினால் சட்டம் வளையும் ஆதலால், இப்புறம் சிறிது, அப்புறம் சிறிது என்று மாறிமாறிப் பற்றவைக்க வேண்டும். இறுதியில் நீர் வடியத் துளை வைத்து, குடைவின் உட்புறத்திலும் துருத்தடுப்பு பூச வேண்டும்.

இந்த இரண்டாம் வழியில் உழைக்க வல்ல கைகள் இப்பகுதியில் தோன்றியது தற்செயலன்று. ஆவடியில் 1955 முதல் எஃகுக் குழாய் செய்தார்கள். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1965-இல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் சக்கரமும் பிரேக்கும் மின்கருவியும் செய்யும் ஆலைகள் அணிவகுத்தன. இவற்றுக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுத்துப் பழகிய லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் இன்றும் உள்ளன. கடையில் கிடைக்காத ஒரு பாகத்தை, பழைய பாகத்தைப் பார்த்தே வெறுந்தகட்டிலிருந்து செய்து தரும் கைத்திறன் அங்கே இருக்கிறது. ஆகவே 'முடியாது' என்ற சாக்கு இவ்வூரில் செல்லாது. செய்ய வேண்டுமா, எப்படிச் செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

மரக்கலத்தின் பலகைகள்

இனி முதற்கேள்விக்கு வருவோம். கிரேக்க அறிஞர் புளூட்டார்க் ஒரு செய்தியைக் குறிக்கிறார். தீசியஸ் என்னும் வீரன் பயணம் செய்து மீண்ட கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் போற்றி வைத்திருந்தனர். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்தனர். அது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், அன்று என்று ஒரு சாராரும் வாதிட்டனர். மரக்கலத்தாலேயே மரக்காயர் என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் வழியினர் நம்மிடையே வாழ்கின்றனர். நம் கடற்கரையூர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஒவ்வொரு பருவமும் கடலினின்று ஏறிய தோணியின் அடிப்பலகைகளை மாற்றியவர்கள், அதன் பெயரை மாற்றவில்லை. அதே பெயரில் சரக்கேற்றினர். அதே பெயரில் கணக்கெழுதினர்.

ஆங்கில மெய்யறிவாளர் ஹாப்ஸ் 1655-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வாதத்தில் ஒரு முடிச்சைப் போட்டார். கழித்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே ஒரு கப்பலைக் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பட்டறையில் இம்முடிச்சு வெறுங்கற்பனையன்று. வண்டியின் பழைய அடிச்சட்டத்தைக் கழற்றி எடைக்குப் போட்டால், அதை வாங்கியவன் ஒட்டுப்போட்டு, அதிலுள்ள எண்ணை வைத்து இன்னொரு வண்டியை உருவாக்கிவிடலாம். ஒரு பெயருக்கு இரண்டு உடல்கள் உண்டாகிவிடும். இரண்டும் சந்தைக்கு வந்தால் இரண்டில் ஒன்று பொய்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில், மனிதனை வைத்து இதே வினாவை அணுகுகிறார்கள். மனித உடல் மழலைப் பருவம் முதல் முதுமைவரை உணவினால் மாறிக்கொண்டே இருக்கிறது, மெலிகிறது, பருக்கிறது, அதன் பொருள் முழுதும் மாறுகிறது. ஆயினும் மனிதன் அவனேதான். ஏனெனில் அவன் அவனாக இருப்பது ஆன்மாவினாலேயன்றி உடலின் துகள்களால் அன்று என்பது அவர்கள் எடுத்துரைக்கும் வாதங்களுள் ஒன்று. மறுமையில் எழுப்பப்படுதல் பற்றிய விவாதத்திலே வரும் இக்கருத்து, நமக்கு ஒரு வெளிச்சத்தைத் தருகிறது. மனிதனுக்கு ஆன்மா இருக்கிறது. அவன் ஒருமை அதில் நிற்கிறது. காருக்கோ ஆன்மா இல்லை. எனின், அதன் ஒருமை எதில் நிற்கிறது?

இரும்பில் நிற்கிறது என்று சொன்னால், முதல் மரையாணியை மாற்றியபோதே அது போய்விட்டது. வடிவத்தில் நிற்கிறது என்று சொன்னால், அதே வடிவில் வந்த எல்லா வண்டிகளும் ஒரே வண்டி என்றாகிவிடும். இரண்டும் பொருந்தவில்லை. அறுபடாத வரலாற்றில் நிற்கிறது என்பதே நாம் காணும் விடை. ஒரு வண்டி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு இடைமுறியாமல் வந்து, ஒவ்வொரு பாகமும் தேவை வந்தபோது அவ்வண்டிக்காகவே மாற்றப்பட்டு, ஒருபோதும் கலைந்து சிதறாமல் இருந்தால், அது அதே வண்டிதான்.

நீதிமன்றம் ஏறிய கார்

இவ்விடையை ஒரு நீதிமன்றமும் கண்டிருக்கிறது. பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பந்தயக் கார் பிரான்சிலுள்ள லெ மான் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயக் களத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி என்பவர் விபத்தில் உயிரிழந்தார். அதன்பின் அது மூடிய கூட்டுடன் திருத்திக் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதன் உரிமையாளர் ஒரு கோடி பவுனுக்கு அதை விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க முன்வந்த நிறுவனமோ, இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அன்று என்று கூறி விலகியது. வழக்கு 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடைபெற்றது.

ஆய்ந்து பார்த்தபோது, 1929-இல் வென்ற வண்டியின் இரும்பு என்று ஐயமறச் சுட்டத்தக்கது ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. 1930-இன் வண்டியிலிருந்தும் சட்டத்தின் சில பகுதிகளும் வேறு சில பாகங்களுமே எஞ்சியிருந்தன. ஆயினும் நீதிபதி ஆட்டன் அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். காரணம் என்ன? அது எந்த வேளையிலும் கலைக்கப்பட்டு இல்லாமற்போய்ப் பின் புதிதாகப் படைக்கப்படவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றப்பட்டு, வளர்ந்து, ஒரே தொடர்ச்சியாக வந்து சேர்ந்தது. ஓடவேண்டிய வண்டிக்கு உறுப்பு மாறுவதே இயல்பு. எனவே அதன் மெய்ம்மை அதன் தொடர்ச்சியில் இருந்தது.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தொடர்ச்சியை அந்நீதிமன்றம் எதைக் கொண்டு அறிந்தது? குறிப்பேடுகள், புகைப்படங்கள், அறிந்தவர் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டே அறிந்தது. எழுதிவைத்தவர்கள் இருந்ததனால் அவ்வண்டி தன் பெயரைக் காத்துக்கொண்டது. எழுதிவைக்காத வண்டிக்கு வரலாறு இருந்தும் இல்லாததே.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் ஊர்தியின் அடையாளம் அதன் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணோடும் எஞ்சின் எண்ணோடும் பிணைந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்வண்ணம் ஊர்தியை மாற்றியமைக்கலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அவற்றுள் அடங்கும். அவை மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைக்கும் பெருந்திருத்தம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இவற்றை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் ஓட்டலாம்.

அறுபதுகளில் பிறந்த ஹெரால்டுகள் அனைத்தும் இன்று இவ்வயதைக் கடந்துவிட்டன. அவற்றின் உரிமையாளர்க்கு இங்கே ஒரு திகைப்பு உண்டாவது இயல்பு. மூலவடிவம் கெடலாகாது என்று விதி சொல்கிறது; துருத்த சட்டத்தோடு ஓட்டலாகாது என்று மனச்சாட்சி சொல்கிறது. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின், இவை ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. மாற்றியமைத்தல் வேறு, செப்பனிடுதல் வேறு. நீளத்தைக் கூட்டுவதும், வேறு வண்டியின் சட்டத்தை நுழைப்பதும், எஞ்சினுக்கேற்பப் புதிய தாங்கிகளை வெட்டுவதும் மாற்றியமைத்தல். இருந்த வடிவில், இருந்த அளவில், இருந்த கனத்தில் உளுத்ததை எடுத்து நல்லதை வைத்தல் செப்பனிடுதல். நாம் அறத்தின் நோக்கில் வகுக்கும் கோடு இது. சட்டத்தின் கோடு எங்கே விழுகிறது என்பதை அறுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அறிவுடைமை. அறுத்தபின் கேட்பது பயனில்லை.

எண் பொறித்த பகுதியே உளுத்துவிட்டால் என்ன செய்வது? இதில்தான் நாணயம் உடையவரும் இல்லாதவரும் பிரிகின்றனர். வேறொரு சட்டத்தில் பழைய எண்ணைத் தாமே அடித்துக்கொள்வது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்யினும், ஒரு பொய்ச்சாட்சியை இரும்பில் எழுதுவதாகும். திருட்டு வண்டிக்கு அடையாளம் மாற்றுவோர் செய்வதும் இதே செயல்தான். செயல் ஒன்றாக இருக்கும்போது, நெஞ்சிலிருந்த எண்ணம் வேறு என்று பின்னர் எவரிடம் மெய்ப்பிப்பது? அதிகாரிகளின் அனுமதியின்றி அவ்விடத்தில் கைவைக்காதிருப்பதே தூய வழி.

காயலான் கடையும் கைநாணயமும்

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடையைத் தமிழ்நாடு முழுவதும் காயலான் கடை என்றே அழைக்கின்றனர். காயல்பட்டினத்திலிருந்து வந்து அவ்வணிகத்தில் ஈடுபட்டவர்களால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய கார்ப் பாகக் கடைகளிலும், நம்மவர் பலர் தலைமுறைகளாகப் பிழைத்து வந்துள்ளனர். ஆகவே பழைய பாகத்தை விற்பதிலும் வாங்குவதிலும் உள்ள அறம் நமக்கு அயலார் விவகாரம் அன்று. அது நம் குடும்பங்களின் சோற்றோடு கலந்தது.

விற்பனைப் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பதும், மறைத்து விற்றால் குறை தெரிந்தபின் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு என்பதும் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசும் சட்டங்கள். 'கியாருல் ஐப்' என்று அவ்வுரிமைக்குப் பெயர். இவ்விதி கார் விற்பனைக்குப் பொருந்தும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வெளிக்கூட்டில் ஒரு கீறல் இருந்தால் வாங்குபவர் தாமே கண்டுகொள்வார். குடைவுக்குள் இருக்கும் துருவை அவர் காண முடியாது. அதை அறிந்தவர் இருவரே: செப்பனிட்ட மேஸ்திரி, விற்கும் உரிமையாளர். காண முடியாத இடத்தில் இருக்கும் குறைக்குத்தான் சொல்லும் கடமை மிகுதி.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தந்தையின் ஹெரால்டை விற்று, மகளின் திருமணச் செலவுக்கு உதவலாம் என்று எண்ணுகின்றனர். 'முழுதும் மூலப்பாகம்' என்று சொன்னால் ஒரு விலை. 'வலப்பக்கத் தாங்குசட்டம் இரண்டு மாற்றப்பட்டவை' என்று சொன்னால் அதற்குக் குறைந்த விலை. வித்தியாசம் சிறிதாக இராது. மேஸ்திரி நேர்த்தியாகச் செய்திருப்பதால் சொல்லாவிட்டால் எவருக்கும் தெரியாது. 'வேலை உறுதியாகத்தானே இருக்கிறது. மறைத்தால் யாருக்கு என்ன கேடு?' என்று உள்ளம் கேட்கும். வேலை உறுதியாக இருந்தால் வாங்குபவர் உயிருக்குக் கேடில்லை என்பது மெய்யே. ஆனால் அவர் பணம் கொடுப்பது உறுதிக்கு மட்டுமன்று. மூலப்பாகம் என்ற சொல்லுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அச்சொல் பொய்யானால், அதற்கு வாங்கிய பங்கு ஹலாலான வருவாயில் சேராது. அப்பணத்தில் நடக்கும் திருமணத்தின் விருந்தை எண்ணிப் பார்த்தால், குறைந்த விலையே கூடிய இலாபம் என்பது விளங்கும்.

இதற்கு மறுதலையான நீதியும் ஒன்றுண்டு. மாற்றியதை ஒளியாமல் சொல்பவரின் வண்டியை, மாற்றியதனாலேயே இழிவாக எண்ணி விலையை அடித்துக் கேட்பதும் நேர்மையன்று. சந்தை உண்மைக்குத் தண்டனையும் பொய்க்குப் பரிசும் கொடுத்துக்கொண்டிருந்தால், உண்மை பேசுவார் அருகிவிடுவர். நல்ல கையால், நல்ல இரும்பால், குறிப்பேட்டோடு மாற்றிய சட்டம், துருவை மூடிய 'மூல'ச் சட்டத்தைவிட மேலானது என்று வாங்குவோரும் கற்றுக்கொள்ள வேண்டும். விற்போர்க்கு மட்டும் அறம் போதித்து, வாங்குவோரை விட்டுவிடுதல் பாதி நீதியே ஆகும்.

மேஸ்திரியின் அறம் இவர்கள் இருவரின் அறத்தினும் கடினமானது. குடைவான சட்டத்தை மூடிப் பற்றவைக்கும் முன், உட்புறத்தில் துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு பூசினாரா என்பதை மூடியபின் எவரும் காணமுடியாது. பூசாவிட்டாலும் கூலி ஒன்றே. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில், சிறுவர் இருவர் பின்னிருக்கையில் இருக்கும்போது, அவ்விடம் முறியலாம். மனிதன் பார்க்காத இடத்திலும் இறைவன் பார்க்கிறான் என்னும் உணர்வுக்கு இக்குடைவைவிடச் சிறந்த உரைகல்லை நாம் அறியோம். தொழுகையில் கட்டிய கையும் வெல்டிங் பிடித்த கையும் ஒரே கைதான் என்பதை நினைப்பவரே அவ்விடத்தில் தேறுவர்.

தொடலாகாது என்போர்க்கு

பழமைப் பற்றுடையோர் சிலர், 'எதையும் தொடாதீர்கள்; துருவும் வரலாறே' என்பர். அவர் சொல்லில் உண்மை உண்டு. ஓடவே போகாத, அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கு உளுத்த சட்டத்தை அப்படியே விட்டு, கீழே முட்டுக்கொடுத்து நிறுத்தலாம். பழைய வெல்டிங்கின் கோடும், ஆலைத் தொழிலாளி விட்ட உளிக்குறியும் ஆராய்வோர்க்குச் செய்தி சொல்லும். தேவையின்றி மாற்றி, பளபளப்பாக்கி, அச்செய்தியை அழிப்பது தவறே. ஆனால் சாலையில் ஓடவிருக்கும் வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. அதில் ஏறுபவரும், எதிரே நடந்து வருபவரும் வரலாற்று ஆர்வத்துக்குப் பலியாகச் சம்மதித்தவர் அல்லர். எதற்காக வைத்திருக்கிறோம் என்ற நிய்யத்தே, எதைத் தொடலாம் என்பதை முடிவு செய்கிறது.

தொட்டே தீரவேண்டிய இடத்தில் எப்படித் தொடுவது என்பதற்கு உலகம் கண்ட நெறியும் உண்டு. பழங்கட்டடங்களைக் காப்பது பற்றி 1964-இல் உருவான வெனிஸ் சாசனம், புதிதாக வைக்கும் பகுதி பழையவற்றோடு இசைந்து நிற்க வேண்டும், அதேவேளை பழையதினின்று பிரித்தறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழம்பெரும் ஊர்திகளின் உலகக் கூட்டமைப்பு 2013-இல் கையொப்பமிட்ட துரின் சாசனமும் அவ்வழியே சென்று, மாற்றிய பாகங்களில் அழியாத குறியிட வேண்டும், செய்த வேலையை எழுதிவைக்க வேண்டும் என்று கூறுகிறது. அழகு கருதி இசைவு. உண்மை கருதி வேறுபாடு. கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும். தேடுபவரிடம் பொய் சொல்லாமலும் இருக்கட்டும்.

இதைப் பின்பற்றப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. அறுக்கும் முன் நான்கு புகைப்படம், அறுத்தபின் நான்கு, மூடும் முன் நான்கு. புதிய பாகத்தின் ஓர் ஓரத்தில் ஆண்டைப் பொறித்த சிறு குறி. செய்தவர் யார், எந்த நாள், எந்தக் கனத் தகடு என்று ஒரு குறிப்பேடு. கழித்த துண்டு சிறிதாயின் அதைக் குறிப்பேட்டோடு ஒரு பெட்டியில் வைப்பது. பெரிதாயின் மீண்டும் பயன்படாதவாறு வெட்டி எடைக்குப் போடுவது. ஹாப்ஸ் போட்ட முடிச்சு இத்துடன் அவிழ்ந்துவிடும். ஒரு பெயருக்கு இரண்டு உடல்கள் உண்டாகா. வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு இக்குறிப்பேடும் அடுத்தவர் கைக்குச் செல்லட்டும்.

நாம் தொடக்கத்தில் பிரித்த மூன்று கேள்விகளும் இங்கே ஒன்று சேர்கின்றன. உயிருக்காகச் சட்டத்தை மாற்றியாக வேண்டும். மாற்றியும் அது அதே வண்டியாக நிற்பது அதன் வரலாறு அறுபடாமையினால். அவ்வரலாறு அறுபடாமல் இருப்பது, மாற்றியவர் உண்மையைச் சொல்வதனால். இறுதியில் அடையாளத்தைத் தாங்கும் சட்டம் இரும்பால் ஆனதாக இல்லை. கைமாறும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குச் சொல்லும் மெய்யால் ஆனதாக இருக்கிறது. இரும்பை மாற்றியவன் வண்டியை அழிக்கவில்லை. மாற்றியதை மறைத்தவனே அதை அழித்தான். பழைய இரும்பு முழுவதும் அப்படியே இருந்தாலும்கூட.

நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றவற்றில் கார் மிகச் சிறியது. வீடு, கடை, அறக்கட்டளை, மதரஸா என்று எத்தனையோ அமானிதங்கள் நம் கையில் உள்ளன. அவற்றிலும் துரு பிடிக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலும் வெளியே தெரியாத குடைவுகளில்தான் பிடிக்கும். பெரியவர் வைத்தது என்று தொடாமல் விடுவோரும், பட்டி பூசி வண்ணம் அடிப்போரும், முழுவதையும் கழற்றி எடைக்குப் போடுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். முட்டுக்கொடுத்து, அளந்து, உளுத்ததை மட்டும் அறுத்து, அதே கனத்தில் நல்லதை வைத்து, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுவோர் சிலரே. பொறுமையும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்பதால் அவ்வழியில் செல்வோர் குறைவு. நம் பிள்ளைகள் அக்குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும் நாளில், அதில் நம் கையெழுத்து இருக்க வேண்டும்.